அரையாண்டு விடுமுறைக்கு முந்திய மூன்று வாரம்

(ஆசிரியர்களும் பெற்றோரும் கூடியிருந்த ஒரு நூலக அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கல்வி என்று பேச்செடுத்தாலே நம் ஊரில் பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும்தான் முன்னால் வந்து நிற்கும். நான் இன்று பேசப்போவது ஒன்றாம் வகுப்பைப் பற்றி. அதிலும் ஆண்டு முழுவதையும் பற்றி அல்ல, டிசம்பர் மாதத்தின் முதல் மூன்று வாரத்தைப் பற்றி மட்டும். மழை விட்டும் விடாமலும் இருக்கிற நாட்கள் அவை. அரையாண்டுத் தேர்வு நெருங்குகிறது, அது முடிந்தால் விடுமுறை. ஒரு குழந்தை வாசிக்கத் தொடங்குகிறதா, இல்லை எழுத்துகளோடு முட்டி மோதியே நின்றுவிடுகிறதா என்பது பெரும்பாலும் இந்த நாட்களில்தான் முடிவாகிறது. அந்த நாட்களை நாம் தேர்வுக்குத் தின்னக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். இதைச் சொல்லத்தான் வந்தேன்.

டிசம்பரில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எங்கே நிற்கிறது என்று முதலில் பார்ப்போம். நம் மாநிலத்தில் ஐந்து வயது நிறைந்ததும் ஒன்றாம் வகுப்பில் சேர்க்கிறோம். ஜூனில் அம்மாவின் சேலையை விடாமல் அழுத பிள்ளை, டிசம்பரில் பையை மாட்டிக்கொண்டு முன்னால் ஓடுகிறது. உயிரெழுத்து பன்னிரண்டும் மெய்யெழுத்து பதினெட்டும் ஏறக்குறைய பழகிவிட்டன. இப்போது உயிர்மெய் வரிசை. துணைக்கால், கொம்பு, சுழி என்று எழுத்துக்கு முன்னாலும் பின்னாலும் மேலும் கீழும் குறிகள் வந்து ஒட்டுகின்றன. ‘கெ’ என்று எழுதும்போது கொம்பு முதலில் வருகிறது, ஒலிக்கும்போது ககரம் முதலில் வருகிறது. இந்த முரண் பெரியவர்கள் நமக்குக் கண்ணில் படுவதே இல்லை. ஐந்து வயதுக் குழந்தைக்கு இது மலை.

இந்த இடத்தில் ஒரு செய்தி. இங்கே இருக்கும் தாத்தா பாட்டிமார்கள் படித்த காலத்தில் ‘லை’, ‘ணை’, ‘னை’ எல்லாம் தும்பிக்கை போட்டு எழுதப்பட்டவை. ‘றா’, ‘ணா’, ‘னா’ மூன்றுக்கும் தனித்தனி வடிவம் இருந்தது. பெரியார் 1935இலிருந்து தம் ‘குடி அரசு’ இதழில் கையாண்ட சீர்திருத்த வடிவங்களில் பலவற்றைத் தமிழக அரசு 1978இல் ஏற்றுக்கொண்டது. அதனால் இன்றைய ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மனப்பாடம் செய்யவேண்டிய விதிவிலக்குகள் குறைந்தன. குழந்தையின் சுமையைக் குறைக்க எழுத்தையே மாற்றிய சமூகம் நம்முடையது. வகுப்பறைப் பழக்கங்களை மாற்ற மட்டும் நாம் ஏன் இவ்வளவு தயங்குகிறோம் என்று எனக்குப் புரியவில்லை.

எழுத்து தெரிந்த பிள்ளை அடுத்து என்ன செய்யும்? கூட்டி வாசிக்கும். ‘பட்டம்’ என்ற சொல்லைப் ப, ட், ட, ம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லும். நான்காம் எழுத்துக்கு வருவதற்குள் முதல் எழுத்து நினைவிலிருந்து நழுவிவிடும். முழுச்சொல் என்னவென்று கேட்டால் விழிக்கும். இதைப் பார்த்துவிட்டு “எழுத்தே தெரியல” என்று முடிவு கட்டி மறுபடியும் அ, ஆ எழுத வைப்பவர்கள் உண்டு. அந்தப் பிள்ளைக்கு எழுத்து தெரியும். எழுத்துகளைச் சேர்த்துப் பிடித்துப் பொருளாக்கும் பழக்கம்தான் இன்னும் வரவில்லை. அந்தப் பழக்கம் எழுதி எழுதி வராது. ஏற்கெனவே வாயில் இருக்கிற சொல்லை, காதில் விழுந்த கதையை, தாளில் திரும்பத் திரும்பப் பார்ப்பதால் வரும். டிசம்பரில் அந்தக் குழந்தைக்குத் தேவைப்படுவது கதை, பாட்டு, பேச்சு. நாம் கொடுப்பது கேள்வி, பதில், மீள்பார்வை.

சட்டம் யார் பக்கம் என்று கேட்டால், குழந்தையின் பக்கம். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 29ஆம் பிரிவில், செயல்பாடுகள் வழியாகவும் தேடிக் கண்டறிவதன் வழியாகவும் கற்றல் நடக்கவேண்டும், குழந்தை அச்சமும் பதற்றமும் இல்லாமல் தன் கருத்தைச் சொல்ல இடம் இருக்கவேண்டும் என்கிறது. தமிழ்நாடு அதற்கு முன்பே இந்தப் பாதையில் நடந்த மாநிலம். 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல் சில ஆண்டுகளில் மாநிலம் முழுதும் பரவியது. ஆசிரியர் நாற்காலியை விட்டுத் தரையில் வந்து பிள்ளைகளோடு அமர்ந்தது அப்போதுதான். பாயும், அட்டைகளும், சுவரின் அடிப்பகுதியில் பிள்ளைகள் எழுதுவதற்கென்றே கரும்பலகையும் வந்தன. 2012-13இல் முப்பருவ முறை வந்து புத்தகப் பையின் கனம் குறைந்தது. கொரோனாவுக்குப் பிறகு, 2022 ஜூனில், ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்தது. வகுப்பறையில் கதைக்களம், படைப்புக் களம், வாசிப்புக் களம் என்று மூலைகள் உருவாயின. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையின் நிலைக்கு ஏற்பப் பயிற்சி நூல்கள் வந்தன.

இவையெல்லாம் நல்லவை. ஆனால் வளரறி மதிப்பீடு, தொகுத்தறி மதிப்பீடு என்று ஒவ்வொன்றையும் கைபேசிச் செயலியில் ஏற்றவேண்டிய கடமையும் கூடவே வந்தது. ஈராசிரியர் பள்ளியில், மூன்று வகுப்புப் பிள்ளைகளை ஒரே அறையில் வைத்துக்கொண்டு, சிக்னல் கிடைக்காத கைபேசியோடு போராடும் ஆசிரியைக்கு டிசம்பரில் கதை சொல்ல நேரம் எங்கே? அவரைக் குறை சொல்ல நான் வரவில்லை. கதை சொல்லும் நேரத்தை அவரிடமிருந்து பறிக்காதீர்கள் என்று மேலே இருப்பவர்களிடம் கேட்க வந்திருக்கிறேன். தனியார் பள்ளிகளின் நிலை வேறு. அங்கே பல இடங்களில் ஐந்து வயதுப் பிள்ளைக்கு அச்சடித்த கேள்வித்தாள், தேர்வு அட்டவணை, அதற்கு முந்திய வாரத்தில் மாதிரித் தேர்வு. இது தவறு. இதற்கு மென்மையான சொல் தேட நான் விரும்பவில்லை.

சரி, தேர்வை நோக்கி ஓடாவிட்டால் அந்த மூன்று வாரத்தில் என்ன செய்யலாம்? டிசம்பர் மாதமே பிள்ளைகளின் கையில் பாடத்தைக் கொண்டுவந்து வைக்கிறது.

முதலில் மழை. தமிழ்நாட்டுக்கு ஆண்டு முழுவதும் கிடைக்கும் மழையில் ஏறக்குறைய பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில்தான் பெய்கிறது. “நாளை பள்ளிகளுக்கு விடுமுறை, மாவட்ட ஆட்சியர் அறிவிப்பு” என்ற செய்தியைப் பிள்ளைகள் இரவில் காத்திருந்து கேட்கிற காலம். இழந்த நாட்களைச் சனிக்கிழமைகளில் ஈடுகட்டுகிறோம். அப்படி வருகிற சனிக்கிழமையிலும் விட்ட பாடத்தை எடுக்கத்தான் அவசரப்படுகிறோம். மழைநாள் முடிந்து வரும் பிள்ளை எத்தனை சொற்களோடு வருகிறது என்று யாரும் பார்ப்பதில்லை.

2023 டிசம்பரில் தென்மாவட்டங்களில் என்ன நடந்தது என்பது உங்களுக்கு நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. அளவுக்கு மழை கொட்டியது. தாமிரபரணி கரையை மீறியது. தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் அரையாண்டுத் தேர்வுகள் தள்ளிப்போயின. அங்கே பள்ளி மீண்டும் திறந்த அன்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் “பக்கம் நாற்பதை எடு” என்று சொல்வதா, “உங்க வீட்ல என்னடா ஆச்சு?” என்று கேட்பதா? கேட்டால் பிள்ளை சொல்லும். “எங்க வீட்டுக்குள்ள தண்ணி வந்துச்சு டீச்சர். ஆட்டுக்குட்டிய மாடில கட்டினோம்.” அந்த வாக்கியத்தைப் பிள்ளை சொன்னபடியே கரும்பலகையில் எழுதுங்கள். விரலை ஒவ்வொரு சொல்லின் கீழும் வைத்து வாசித்துக் காட்டுங்கள். பிறகு அந்தப் பிள்ளையை வாசிக்கச் சொல்லுங்கள். தடங்கல் இல்லாமல் வாசிக்கும், ஏனென்றால் அது அதன் சொந்த வாக்கியம். ‘ஆட்டுக்குட்டி’ என்ற நீண்ட சொல் எந்தப் பாடநூலின் அனுமதியும் இல்லாமல் அதன் கண்ணுக்குள் போய்விடும்.

பேச்சுவழக்கில் எழுதலாமா என்று ஆசிரியர்கள் கேட்பார்கள். எழுதலாம். முதல் நாள் பிள்ளை சொன்னபடி எழுதுங்கள். சில நாள் கழித்து அதே செய்தியை, “எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வந்தது” என்று பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள். இரண்டும் ஒன்றுதான், புத்தகத்தில் இப்படி வரும் என்று சொன்னால் பிள்ளைக்கு அது விளையாட்டாகவே புரியும். எடுத்த எடுப்பிலேயே “தப்பு, தண்ணீர்னு சொல்லு” என்று திருத்தினால், தன் வீட்டில் பேசுகிற பேச்சுக்குப் பள்ளியில் இடமில்லை என்று குழந்தை தெரிந்துகொள்ளும். அதற்குப் பிறகு வாய் திறக்காது.

இது நானாகக் கண்டுபிடித்த முறை அல்ல. நியூசிலாந்தில் மாவோரிக் குழந்தைகளுக்குக் கற்பித்த சில்வியா ஆஷ்டன்-வார்னர் இதைத்தான் செய்தார். ஒவ்வொரு பிள்ளையிடமும் அன்றைக்கு அதற்கு வேண்டிய சொல் எது என்று கேட்பார். அதை ஓர் அட்டையில் எழுதி அந்தப் பிள்ளையின் கையிலேயே கொடுப்பார். பயம், அன்பு, சண்டை, வீடு பற்றிய சொற்கள்தான் பிள்ளைகளின் வாயிலிருந்து வந்தன. அந்தச் சொற்களைப் பிள்ளைகள் ஒரே பார்வையில் மறக்காமல் பிடித்துக்கொண்டார்கள். 1963இல் வெளிவந்த ‘டீச்சர்’ என்ற நூலில் அவர் இதை விரிவாக எழுதியிருக்கிறார். அட்டையும் பேனாவும் இருந்தால் போதும், நம் ஊரின் எந்தப் பள்ளியிலும் இதைச் செய்யலாம். நாற்பது பிள்ளைகள் இருந்தால் ஒரு நாளைக்கு எட்டுப் பேரிடம் சொல் கேளுங்கள். ஐந்து நாளில் வகுப்பு முழுதும் ஒரு சுற்று வந்துவிடும்.

அடுத்தது கோலம். டிசம்பர் 16 வாக்கில் மார்கழி பிறக்கிறது. விடியற்காலையில் தெருவெல்லாம் கணக்குப் பாடம் விரிந்து கிடக்கிறது. சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் அவருடைய சகாக்களும் 1970களில் கோலத்தின் ஒழுங்கைக் கணினி அறிவியலின் இலக்கணங்களோடு இணைத்து ஆராய்ந்தார்கள். ஆய்வாளர்கள் வரை போன அந்தப் பொருள், ஒன்றாம் வகுப்புக்கும் அப்படியே பொருந்துகிறது.

ஐந்து புள்ளி, இடைப்புள்ளி, மூன்று வரை. இதை நம் வீட்டுப் பெண்கள் தூக்கத்தில்கூடப் போடுவார்கள். வரிசை வரிசையாகப் பாருங்கள்: 3, 4, 5, 4, 3. மொத்தம் 19. இருபதுக்குள் கூட்டலும் கழித்தலும் பழகுகிற பிள்ளைக்கு இதைவிடக் கச்சிதமான படம் கிடையாது. வகுப்பறைத் தரையில் சுண்ணக்கட்டியால் புள்ளி வையுங்கள். எத்தனை என்று கேளுங்கள். ஒரு பிள்ளை ஒன்று ஒன்றாக எண்ணும், விட்டுவிட்டு மறுபடி தொடங்கும். இன்னொன்று வரிசை வரிசையாக எண்ணும். கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று மேல்பாதியும் கீழ்பாதியும் ஒரே மாதிரி இருக்கிறது என்று கண்டுபிடிக்கும். அப்போது, பத்துப் புள்ளிகளைச் சேர்த்து வட்டம் போட முடியுமா என்று கேளுங்கள். மேல் வரிசை மூன்று, கீழ் வரிசை மூன்று, நடுவரிசைக்கு மேலே உள்ள நான்கு. பத்து ஆயிற்று. மீதி ஐந்தும் நான்கும் ஒன்பது. பத்தும் ஒன்பதும் பத்தொன்பது. பத்தாகக் கட்டி எண்ணுவதுதான் ஒன்றாம் வகுப்புக் கணக்கின் உயிர். ஈர்க்குச்சியைப் பத்துப் பத்தாக ரப்பர் போட்டுக் கட்டிக் கற்பிப்பதும் இதற்காகத்தான். மறுநாள் நேர்ப்புள்ளி ஐந்து, ஒன்று வரை. 1, 3, 5, 3, 1. இப்போது எத்தனை? நேற்றையதைவிட எத்தனை குறைவு? பதின்மூன்றும் ஆறும் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.

ஆண்பிள்ளைகளையும் சேர்த்துத்தான் உட்கார வையுங்கள். வீட்டு வாசலில் கோலம் போடும் வழக்கம் எல்லாக் குடும்பங்களிலும் இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள். வகுப்பறையில் அது சடங்கு அல்ல. புள்ளி, கோடு, எண்ணிக்கை, அவ்வளவுதான்.

மூன்றாவது நிழல். சுருக்கமாகச் சொல்கிறேன். டிசம்பர் 21, 22 தேதிகளில் நமக்குப் பகல் மிகக் குறைவு. சென்னையில் பதினொன்றே கால் மணி நேரத்துக்குச் சற்று அதிகம், அவ்வளவே. நண்பகலில்கூடச் சூரியன் தலைக்கு நேரே வராது. தென்புறம் சாய்ந்தே நிற்கும். வெயில் அடிக்கிற ஒரு மதியம் பிள்ளைகளை மைதானத்தில் நிறுத்தி நிழலைச் சுண்ணக்கட்டியால் வரையச் சொல்லுங்கள். சென்னையில் அந்த நிழல் பிள்ளையின் உயரத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு இருக்கும், வடக்கே விழும். பூமியின் சாய்வு பற்றி ஒரு சொல்லும் சொல்லவேண்டாம். ஒரு கயிற்றால் அளந்து, பெயர் எழுதிச் சுவரில் தொங்கவிடுங்கள். ஏப்ரலில் மறுபடி அளந்தால் கயிறு வெகுவாகச் சுருங்கியிருக்கும். ஏன் என்று பிள்ளைகள் கேட்பார்கள். அந்தக் கேள்வி வந்தால் போதும்.

பண்டிகைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. கார்த்திகை விளக்கு, கிறிஸ்துமஸ் நட்சத்திரம், வரப்போகும் பொங்கல் என்று டிசம்பர் வகுப்பறையில் வண்ணத்தாளுக்குக் குறைவில்லை. நல்லதுதான். ஆனால் ஆண்டுவிழா ஒத்திகை என்ற பெயரில் பிள்ளைகளை நாள் முழுதும் வரிசையில் நிற்கவைத்து, சினிமாப் பாட்டுக்குக் கையை இப்படி ஆட்டு அப்படி ஆட்டு என்று ஆட்டிவைப்பதைக் கலை என்று சொல்லாதீர்கள். நட்சத்திரத்தைப் பிள்ளையே வெட்டட்டும். ஒரு முனை கோணலாக இருக்கட்டும். கத்தரிக்கோல் பிடிக்கிற விரலுக்குத்தான் பென்சிலும் வசப்படும். ஆசிரியை வெட்டி ஒட்டி அழகாக்கிய நட்சத்திரத்தால் பிள்ளைக்கு எந்தப் பயனும் இல்லை.

இனி விடுமுறைக்கு வருகிறேன். பெற்றோர்கள் கொஞ்சம் கவனிக்கவேண்டும். விடுமுறை தொடங்கும் நாளில் பல பள்ளிகள் ஒரு பட்டியலைக் கொடுத்தனுப்புகின்றன. உயிர்மெய் வரிசை இத்தனை முறை, எண்கள் இத்தனை முறை, ஆங்கிலச் சொற்கள் இத்தனை முறை. பள்ளி கொடுக்காவிட்டால் பெற்றோரே கேட்டு வாங்குகிறார்கள். “வீட்ல சும்மா இருக்கும் மிஸ், ஏதாவது எழுதக் குடுங்க” என்கிறார்கள். கடைசி நாள் இரவு பிள்ளை அழுதுகொண்டே எழுதும், அல்லது அக்கா உட்கார்ந்து எழுதித் தருவாள். அதில் கற்றல் எதுவும் இல்லை.

அதற்குப் பதிலாக ஒரு கதைப்புத்தகம் கொடுத்தனுப்புங்கள். பள்ளி நூலகப் பெட்டியில் பூட்டி வைத்திருக்கும் புத்தகங்கள் கிழிந்தாலும் பரவாயில்லை, வெளியே போகட்டும். பவநகரில் 1920இல் பாலமந்திர் என்ற குழந்தைகள் பள்ளியைத் தொடங்கிய கிஜுபாய் பதேக்காவின் ‘பகல் கனவு’ நூலை நம் ஆசிரியர்களில் பலர் படித்திருப்பீர்கள். அதில் வரும் ஆசிரியர் அடங்காத வகுப்பைக் கதையைக் கொண்டுதான் தன்வசப்படுத்துகிறார். பெற்றோர் வீட்டிலும் அதையே செய்யலாம். கைபேசி உள்ள வீடுகளில், பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ‘ஸ்டோரிவீவர்’ தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் படிநிலை வாரியாக இலவசமாகக் கிடைக்கின்றன. இரவில் பத்து நிமிடம் பக்கத்தில் அமர்ந்து வாசித்துக் காட்டினால் போதும். ஒரே கதையை மறுபடி கேட்டால் மறுபடியும் வாசியுங்கள். பத்தாவது முறை பிள்ளை உங்களை முந்திக்கொண்டு சொல்லும். மனப்பாடமாகத்தானே சொல்கிறது என்று தள்ளிவிடாதீர்கள். மனத்தில் இருக்கிற வரியை விரலால் தொட்டுத் தொட்டுத்தான் வாசிப்பு பிறக்கிறது.

எழுதப் படிக்கத் தெரியாத அம்மாக்கள் இதைக் கேட்டு மனம் சோரவேண்டாம். படத்தைப் பார்த்துப் பிள்ளையைக் கதை சொல்லச் சொல்லுங்கள், நீங்கள் கேளுங்கள். உங்களுக்குத் தெரிந்த கதையை நீங்கள் சொல்லுங்கள். பாட்டி வீட்டில் பல்லாங்குழி இருந்தால் எடுத்து வையுங்கள். பதினான்கு குழி, குழிக்கு ஐந்தாகப் புளியங்கொட்டை. பிள்ளை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போய், நான்கு சேர்ந்ததும் ‘பசு’ என்று அள்ளுகிறதே, அது கணக்குத்தான். எந்த வீட்டுப்பாடமும் அதற்கு ஈடாகாது.

கடைசியாக ஒன்று. விடுமுறைக்குப் போகிற எல்லாப் பிள்ளைகளும் திரும்பி வருவதில்லை. வடமாவட்டக் கிராமங்களில் வேலை செய்யும் ஆசிரியர்களுக்கு இது நன்றாகத் தெரியும். செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் குடும்பங்கள் கிளம்புகிற பருவம் இதையொட்டித்தான் வருகிறது. அப்பா அம்மாவோடு பிள்ளையும் போய்விடுகிறது. எழுத்துகளைச் சேர்த்து வாசிக்கத் தொடங்கும் நேரத்தில் போன பிள்ளை, அடுத்த ஜூனில் திரும்பி வந்தால் மறுபடி ‘அ’விலிருந்து தொடங்கவேண்டியிருக்கிறது. சில பிள்ளைகள் வருவதே இல்லை.

ஆகையால் ஆசிரியர்களிடமும் பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோரிடமும் ஒரு வேண்டுகோள். விடுமுறை தொடங்கும் முன்பே எந்தெந்த வீடுகள் கிளம்பப் போகின்றன என்று கேட்டு வையுங்கள். முடிந்தால் பிள்ளையைப் பாட்டியிடமோ உண்டு உறைவிடப் பள்ளியிலோ விட்டுச் செல்லப் பேசிப் பாருங்கள். முடியாவிட்டால் போகும் ஊரை எழுதி வாங்கிக்கொண்டு, அங்கே பக்கத்தில் இருக்கும் பள்ளிக்குத் தகவல் கொடுங்கள். ஜனவரியில் பள்ளி திறக்கும் முதல் நாள், வருகைப் பதிவேட்டில் வராத பெயர்களைக் குறித்துக்கொண்டு அன்று மாலையே அந்த வீட்டு வாசலுக்குப் போய் விசாரியுங்கள். ஒரு வாரம் பொறுத்துப் பார்ப்போம் என்று இருந்துவிடாதீர்கள்.